பழைய போர்டில் புதுப் பிராசஸர்: கேமிங் கணினிக்கு 5700எக்ஸ்3டி போட்ட அனுபவம்

ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசஸர் இருந்த இடத்தில் இப்போது ரைசன் 7 5700எக்ஸ்3டி ஓடுகிறது. மதர்போர்டு அதே பி450. மெமரி அதே டிடிஆர்4. கிராபிக்ஸ் கார்டும் அதே ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டிதான். நான் அதிகம் விளையாடும் கேம்களில் இருந்த திணறல் போய்விட்டது. எந்தப் பிராசஸர் வாங்கலாம் என்று கேட்பவருக்கு ஒரு பெயரைச் சொல்லிவிடுவது சுலபம். எனக்கு வாங்குவதும் மாட்டுவதும் சீக்கிரமே முடிந்துவிட்டன. என் கணினியில் எது தடுக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடித்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தடுப்பது எது

திரை 1440பி, 144 ஹெர்ட்ஸ். பெரும்பாலான கேம்கள் நன்றாகவே ஓடின. தொல்லை மூன்று இடங்களில். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2இல் புகைக்குண்டு வீசி நாலைந்து பேர் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும் நேரத்தில் படம் சட்டென்று வெட்டும். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸில் நகரம் ஒன்றரை லட்சம் மக்களைத் தாண்டியதும் காமிராவைத் திருப்புவதே பாரமாக இருக்கும். ஃபேக்டோரியோவில் தொழிற்சாலை பெரிதாக ஆக, கேமே மெதுவாக நகரும்.

இப்படி ஆனால் முதலில் சந்தேகம் போவது கிராபிக்ஸ் கார்டு மேல்தான். நானும் நிழல், பிரதிபலிப்பு எல்லாவற்றையும் குறைத்துப் பார்த்தேன். சிட்டீஸில் எஃப்பிஎஸ் (விநாடிக்கு வரும் ஃபிரேம்கள், அதாவது படங்கள்) ஒன்றுகூட ஏறவில்லை. உருப்படியான முதல் தடயம் அதுதான். அமைப்பைக் குறைத்தும் வேகம் கூடாவிட்டால் கார்டு காத்துக்கொண்டிருக்கிறது, வேலை வேறெங்கோ தேங்கி நிற்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் முறையாக அளந்தேன். பயன்படுத்தியது இரண்டே கருவிகள்: சென்சார்களைப் பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ64, ஃபிரேம் நேரத்தைப் பதிவு செய்ய கேப்ஃபிரேம்எக்ஸ். இரண்டும் இலவசம். அதே சேமிப்புக் கோப்பு, அதே காமிரா இடம், ஒவ்வொரு பதிவும் 60 விநாடி. முதல் பதிவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன், ஏனென்றால் கேம் புதிதாக ஏறும்போது ஷேடர் தொகுப்பு, டிஸ்க் வாசிப்பு எல்லாம் அதில் கலந்துவிடும்.

பிறகு தெளிவுத்திறனை 1440பியிலிருந்து 720பிக்கு இறக்கி அதே காட்சியை மறுபடி அளந்தேன். சிட்டீஸ் 1440பியில் 24 எஃப்பிஎஸ், 720பியில் 25. கார்டின் பயன்பாடு 45 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஒளிக்கதிர் விளைவுகள் (ரே டிரேசிங்) நிறைந்த ஒரு கதை கேமில் இதையே செய்தபோது 58இலிருந்து 95க்குத் தாவியது. அங்கே கார்டுதான் எல்லை. ஒரே கணினியில் ஒரு கேமுக்குச் சிபியு (பிராசஸர்) தடை, இன்னொன்றுக்குக் கார்டு தடை. பொதுவாக எது நல்ல பிராசஸர் என்று கேட்டால் பதில் கிடைக்காமல் போவது இதனால்தான்.

டாஸ்க் மேனேஜர் காட்டும் மொத்தச் சிபியு சதவீதத்தை மட்டும் நம்பக் கூடாது. எனக்கு அது 40 என்றே காட்டிக்கொண்டிருந்தது. பிராசஸர் பாதிகூட உழைக்கவில்லை என்று தோன்றும். கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) வாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு த்ரெட் (ஒரு கோரில் வரிசையாக ஓடும் வேலை) மட்டும் 95க்கு மேல் நிற்கிறது, மீதி எல்லாம் அதற்காகக் காத்துக்கிடக்கின்றன. கேமின் முதன்மைத் த்ரெட் ஒன்று மூச்சு முட்டினால் போதும், பக்கத்தில் எத்தனை கோர் சும்மா இருந்தாலும் பயனில்லை.

சராசரி எஃப்பிஎஸ்ஸும் பெரிதாக உதவாது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2இல் சராசரி 180 வந்தது, பார்த்தால் குறையே இல்லாத எண். ஆனால் 1% லோ (மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்) 75. அதாவது மோசமான ஃபிரேம்கள் 13 மில்லி விநாடி எடுத்துக்கொண்டன. 144 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு 6.9 மில்லி விநாடிக்கும் ஒரு ஃபிரேம் கேட்கிறது. அந்த இடைவெளிதான் சண்டை நடுவில் கையில் உறைத்தது.

செலவே இல்லாத ஒரு விஷயம் இந்தக் கட்டத்தில் சிக்கியது. என் மெமரி 3200 வேகத்துக்கு உரியது. கணினி விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் 1200 என்று காட்டியது. அது பாதி எண், இரண்டால் பெருக்க வேண்டும். ஆக ஓடிக்கொண்டிருந்தது 2400இல். பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்தால் அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போய்விடும், மெமரியை அதற்குரிய முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பும் அணைந்துவிடும். முந்தைய புதுப்பிப்புக்குப் பிறகு அது அப்படியே இருந்திருக்கிறது. எக்ஸ்எம்பியைப் போட்டு மறுபடி அளந்ததில் 1% லோ 75இலிருந்து 83 ஆனது. கூடவே மெமரிக் குச்சிகள் இருக்கும் துளைகளையும் சரிபார்த்தேன். நான்கு துளை போர்டில் இரண்டு குச்சி என்றால் பெரும்பாலும் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். பிராசஸர் வாங்க நினைப்பவர் யாராக இருந்தாலும் முதலில் இந்த இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

முன்னேற்றம் இருந்தது, ஆனால் போதவில்லை. ஆக, பிராசஸர்தான் மாற வேண்டும்.

எது வாங்குவது

என் போர்டில் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பெயர் ஏஎம்4. அதில் இருப்பவருக்கு வாய்ப்புகள் ஏராளம். 2017இல் முதல் ரைசனோடு வந்த போர்டு வகையிலேயே 2024இல் வந்த 5700எக்ஸ்3டியும் ஓடுகிறது. அதற்கு அடுத்த சாக்கெட்டான ஏஎம்5க்குப் போனால் போர்டு, டிடிஆர்5 மெமரி, பிராசஸர் மூன்றும் சேர்ந்து மாற வேண்டும். நான் கணக்குப் போட்டபோது அது தனிப் பிராசஸர் மாற்றும் செலவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வந்தது. இன்டெல் பக்கம் போனாலும் குறைந்தது போர்டு மாறும். இருக்கிற கார்டுக்கு அது தேவையில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்து, கோர் எண்ணிக்கை. 12 கோர் 5900எக்ஸ், 16 கோர் 5950எக்ஸ் இரண்டும் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் என் பதிவுகளில் தேங்கி நின்றது ஒரே ஒரு த்ரெட். கோர்களைக் கூட்டி அதை அவிழ்க்க முடியாது. மேலும் 5900எக்ஸ் என்பது ஆறு கோர் கொண்ட இரண்டு சில்லுகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போக நேரமாகும். என் 3600இல்கூடச் சிறிய அளவில் அதே சங்கதி உண்டு. அதன் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரி) இரண்டு 16 எம்பியாகப் பிரிந்திருக்கிறது, மூன்று கோர்களுக்கு ஒன்று. 5000 வரிசையில் பெரும்பாலானவற்றில் எட்டுக் கோர் வரை ஒரே 32 எம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் 5600 அதே ஆறு கோரிலும் கேம்களில் 3600ஐத் தெளிவாக முந்துகிறது.

எக்ஸ்3டி வகையில் அந்தக் கேஷின் மேல் இன்னொரு 64 எம்பி அடுக்கு ஒட்டப்பட்டிருக்கிறது. மொத்தம் 96 எம்பி. கேமுக்கு வேண்டிய தரவு கேஷில் இருந்தால் சுமார் 10 நானோ விநாடியில் கிடைக்கும். மெமரிக்குப் போய் எடுத்துவந்தால் 70, 80 ஆகும். ஆயிரக்கணக்கான வாகனங்களையும் மனிதர்களையும் ஒவ்வொரு கணமும் கணக்கிடும் நகரக் கட்டுமான கேம், இயந்திரங்கள் நிறைந்த ஃபேக்டோரியோ, விமான சிமுலேட்டர்கள் எல்லாம் மெமரிக்கு ஓடிக்கொண்டே இருப்பவை. நான் விளையாடுவதும் அந்த வகையே.

பெயர்களைப் படிக்கும்போது ஒரு பொறி உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 5700எக்ஸ், 5700எக்ஸ்3டி, 5700ஜி, வெறும் 5700 என்று நான்கு இருக்கின்றன. நான்கும் 8 கோர், 16 த்ரெட். ஆனால் 5700எக்ஸில் எல்3 கேஷ் 32 எம்பி, எக்ஸ்3டியில் 96, ஜியில் 16, வெறும் 5700இலும் 16. கடைசி இரண்டும் பிசிஐஇ 3.0 (கார்டை இணைக்கும் பாதையின் பழைய பதிப்பு) மட்டுமே தரும். 5600க்குப் பக்கத்தில் நிற்கும் 5500க்கும் இதே கதை, 16 எம்பிதான். விலைப் பட்டியலில் அடுத்தடுத்து இருப்பதால் ஓர் எழுத்து விட்டுப்போனாலும் கேமுக்கு வேண்டியதே கைநழுவிப் போகும். கேமுக்காக வாங்குகிறவர் கோர், கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் பார்த்த பிறகு எல்3 என்ற வரியையும் படித்துவிட்டே பணம் கட்ட வேண்டும். இன்டெலில் எழுத்துகள் வேறு: எஃப் என்று முடிந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது, கே என்றால் வேகப் பூட்டு இல்லை. 12ஆம் தலைமுறையிலிருந்து 10 கோர், 14 கோர் என்று போட்டிருந்தாலும் அதில் வேகமான பி-கோர் எத்தனை, சிறிய இ-கோர் எத்தனை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கேமின் முதன்மைத் த்ரெட் ஓட வேண்டியது பி-கோரில்.

என் இறுதிப் பட்டியலில் மூன்று பெயர்கள் நின்றன. 5600 விலை குறைவு, கார்டுக்குப் பொருத்தம், பெட்டியிலேயே கூலரும் வரும். நான் கவுன்டர்-ஸ்ட்ரைக் மட்டும் விளையாடுபவனாக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பேன். 5800எக்ஸ்3டி 4.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், 5700எக்ஸ்3டி 4.1தான். கேஷ் இரண்டிலும் ஒன்றே. கேமில் வித்தியாசம் சிறிது, விலையில் பெரிது. 5700எக்ஸ்3டி என்று முடிவானது.

முதலில் பயாஸ்

புதுப் பிராசஸரைத் தொடுவதற்கு முன், பழையது மாட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். போர்டுத் தயாரிப்பாளரின் பக்கத்தில் சிபியு ஆதரவுப் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு பிராசஸருக்கும் எதிரே குறைந்தபட்சப் பயாஸ் பதிப்பு எண் போட்டிருப்பார்கள். போர்டின் பெயரோடு திருத்த எண்ணையும் போர்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு திருத்தங்கள் இருந்தால் கோப்பு வேறாகலாம். 16 எம்பி பயாஸ் சிப் உள்ள சில பழைய ஏஎம்4 போர்டுகளில் புதிய பயாஸ் ஏறினால் மிகப் பழைய பிராசஸர்களின் ஆதரவு போய்விடும். பதிப்புக் குறிப்பைப் படிக்காமல் ஏற்ற வேண்டாம்.

8 ஜிபி பென்டிரைவை ஃபேட்32இல் ஃபார்மட் செய்து, கோப்பைப் பிரித்துப் போட்டு, பயாஸுக்குள்ளிருந்தே ஏற்றினேன். யுபிஎஸ்ஸில் மாட்டித்தான் செய்தேன். நடுவில் மின்சாரம் போனால் போர்டு எழுந்திருக்காது.

இதற்கு முன்னால் ஒன்று செய்தேயாக வேண்டும். விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரோ சாதனக் குறியாக்கமோ இயங்குகிறதா என்று பாருங்கள். அந்தப் பூட்டின் சாவிகளைக் காக்கும் ஏஎம்டியின் எஃப்டிபிஎம் பிராசஸரோடு பிணைந்தது. பிராசஸர் மாறினால் பழைய சாவிகள் செல்லாது, விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் டிஸ்கில் உள்ளதெல்லாம் போச்சு. நான் சாவியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போனேன்.

விஆர்எம் (பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் போர்டுப் பகுதி) பக்கமும் ஒரு பார்வை. 3600 என்பது 65 வாட், 5700எக்ஸ்3டி 105 வாட் என்று குறிக்கப்பட்டது. போர்டில் சாக்கெட்டைச் சுற்றி ஹீட்சிங்க் இருந்ததால் கவலைப்படவில்லை. பிறகு அளந்ததில் கேம் ஓடும்போது பிராசஸர் 50 முதல் 60 வாட்தான் எடுத்தது.

கழற்றியதும் மாட்டியதும்

ஏஎம்4 பிராசஸரைக் கழற்றும்போதுதான் பதற்றம். ஊசிகள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன, 1331 ஊசிகள். காய்ந்த தெர்மல் பேஸ்ட் கூலரையும் பிராசஸரையும் கெட்டியாகப் பிடித்திருக்கும். நேராக மேலே இழுத்தால் நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே பிராசஸர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஊசி வளையும். அதனால் கணினியை அணைப்பதற்கு முன், பிராசஸரை முழுதாக உழைக்கவைக்கும் சினிபெஞ்ச் சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். பேஸ்ட் இளகியது. பிளக்கைப் பிடுங்கி, கூலரின் திருகுகளைத் தளர்த்தி, மேலே தூக்காமல் இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருகினேன். பிடி விட்டதை விரல் உணர்ந்த பிறகே தூக்கினேன்.

நெம்புகோலை நிமிர்த்தி, 3600ஐ ஓரங்களில் பிடித்து எடுத்து, புதியது வந்த பிளாஸ்டிக் கூட்டிலேயே வைத்தேன். புதியதை வைக்கும் முன் சாய்த்துப் பிடித்து, டார்ச் வெளிச்சத்தில் ஊசி வரிசைகளைப் பார்த்தேன். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் வரிசைகள் நேர்கோடாகத் தெரிய வேண்டும். மூலையில் இருக்கும் பொன்நிற முக்கோணமும் சாக்கெட்டில் இருக்கும் முக்கோணமும் ஒரே மூலையில் வர வேண்டும். வைத்தால் தானாக இறங்கும், அழுத்தவே கூடாது. இறங்காவிட்டால் எடுத்து மறுபடி பாருங்கள்.

கூலரின் அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். 5700எக்ஸ்3டி பெட்டியில் கூலர் வராது. புதுப் பேஸ்ட் வைத்து, என்னிடம் இருந்த 120 மிமீ டவர் கூலரையே திரும்பப் போட்டேன். திருகுகளை ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றி இரண்டிரண்டு சுற்றாக இறக்கினேன். அழுத்தம் சமமாக விழும்.

முதல் முறை போட்டதும் திரை கறுப்பு. மின்விசிறி ஓடுகிறது, வேறொன்றுமில்லை. இந்த இடத்தில் அணைத்துவிடத் தோன்றும், அணைக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். புதுப் பிராசஸர் மெமரியோடு நேரம் ஒத்துப்போகச் சற்று எடுத்துக்கொள்ளும். ஓரிரு நிமிடத்தில் எஃப்டிபிஎம் பற்றிய எச்சரிக்கை வந்தது: புதிய சிபியு, சாவிகளை அழிக்க ஒய், வைத்துக்கொள்ள என். மீட்புச் சாவி கையில் இருந்ததால் ஒய் அழுத்தினேன். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பியை மறுபடி போட்டேன், அது எதிர்பார்த்தபடியே அணைந்திருந்தது.

வெப்பம் கொஞ்சம் வேலை வைத்தது. இந்தத் தலைமுறையில் கேஷ் அடுக்கு மேலே இருப்பதால் கோரின் வெப்பம் அதைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும். (9800எக்ஸ்3டியிலிருந்து கேஷை அடியில் கொண்டுபோய்விட்டார்கள்.) சினிபெஞ்சில் 81 டிகிரி, எல்லை 90. கேமில் 68 முதல் 72. அளவுக்குள்தான் இருக்கிறது. ஆனால் சும்மா இருக்கும்போதுகூட வெப்பம் சட்டென்று ஏறி இறங்குவதால் விசிறி ஓயாமல் இரைந்தது. பயாஸில் விசிறி பதிலளிக்கும் தாமதத்தைக் கூட்டி, 60 டிகிரி வரை ஒரே வேகம் என்று வளைவை மாற்றிய பிறகு அடங்கியது.

அளவுகள்

அதே சேமிப்புக் கோப்பு, அதே காட்சி, அதே 60 விநாடி. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2: சராசரி 180இலிருந்து 260. 1% லோ எக்ஸ்எம்பிக்குப் பின் 83 இருந்தது, இப்போது 130. மோசமான ஃபிரேம் 7.7 மில்லி விநாடி. புகைக்குள் நுழையும்போது இருந்த வெட்டு கண்ணில் படவில்லை. சிட்டீஸ் 24இலிருந்து 37. எண்ணாகப் பார்த்தால் சிறிது. காமிராவைச் சுழற்றினால் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. ஃபேக்டோரியோவில் அப்டேட் வேகம் (விநாடிக்கு எத்தனை முறை கேம் தன்னைக் கணக்கிடுகிறது) 38இலிருந்து முழு 60ஐத் தொட்டது. தொழிற்சாலை இன்னும் மிகப் பெரிதானால் தரவு கேஷிலிருந்து வழியும், அப்போது இந்த ஆதாயம் சுருங்கும்.

ஒளிக்கதிர் கேம் 58இலிருந்து 59. 720பி சோதனை முன்கூட்டியே சொன்னது இதைத்தான். வீடியோ ஏற்றுமதி 3600ஐவிட வேகம், ஆனால் அது 6 கோர் 8 ஆனதால் வந்தது. அந்த வேலைக்கு விலை குறைந்த 5700எக்ஸே சற்று முந்தும், ஏனென்றால் அது 4.6 வரை ஓடும். வேலைக்காகவே கணினி வைத்திருப்பவருக்கு எக்ஸ்3டியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்த முறை

புதிதாக முழுக் கணினி கட்டினால் வரிசையை மாற்றுவேன். முதலில் திரை, அடுத்து எந்த கேம்கள், அதற்கேற்ற கார்டு, கடைசியில் பிராசஸர். 4கே 60 ஹெர்ட்ஸ் திரையில் கதை கேம் விளையாடுபவருக்கு ஆறு கோர் நடுத்தரப் பிராசஸரே தாராளம், மிச்சப் பணம் கார்டுக்குப் போகட்டும். 240 ஹெர்ட்ஸில் போட்டி கேம் ஆடுபவருக்கு நேர்மாறு. பி450 மாதிரி பிசிஐஇ 3.0 போர்டில் எட்டு லேன் (தரவு போகும் தடம்) மட்டுமே உள்ள ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டைப் போட்டால் கொஞ்சம் வேகம் இழக்கும் என்பதையும் கணக்கில் எடுப்பேன். என் 6700 எக்ஸ்டிக்குப் பதினாறு லேன் இருப்பதால் தப்பித்தது.

போர்டை மட்டும் சற்று நல்லதாக வாங்குவேன். சிபியு இல்லாமலே பயாஸ் ஏற்றும் பொத்தான் இருக்கும் போர்டு என்றால், பழைய பிராசஸர் கையில் இல்லாதவரும் சமாளிக்கலாம். ஏஎம்5ஐ 2027க்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. எனவே இன்று புதிதாகத் தொடங்குபவர் அதில் ஒரு நடுத்தரப் பிராசஸரோடு தொடங்கி, சில ஆண்டு கழித்து நான் செய்ததைச் செய்யலாம்.

என் கணினிக்கு அடுத்த செலவு மெமரிதான். இப்போது இரண்டு 8 ஜிபி, சிட்டீஸ் மோட்களோடு ஓடும்போது 14 ஜிபியைத் தாண்டிவிடுகிறது. இரண்டு 16 ஜிபி குச்சிகள் போட வேண்டும். கழற்றிய 3600 நன்றாகவே இருக்கிறது, வீட்டில் இன்னொரு ஏஎம்4 போர்டுக்குப் போகப்போகிறது. அதில் உள் கிராபிக்ஸ் இல்லை, அதனால் பழைய கார்டு ஒன்றையும் தேடிச் சேர்க்க வேண்டும்.